எண்ணிலிருந்து நாதம்: பழையதா, புதியதா?

பழைய அரிசி பத்தியத்துக்கு உகந்தது. பழைய புளி குழம்புக்கு உகந்தது. பழைய சிநேகிதம் ஆபத்துக் காலத்துக்கு உகந்தது. இவ்வளவையும் ஏகமனதாக ஒப்புக்கொள்ளும் நம்மவர்கள், யந்திரம் என்ற பேச்சு வந்துவிட்டால் மட்டும் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்து விடுகிறார்கள். "அந்தக் காலத்துச் சாமான் போல இப்போது எங்கே வருகிறது?" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஒரு கட்சி. "நேற்று வந்ததைக் காட்டிலும் இன்று வந்ததே மேல்" என்று சாதிக்கிறவர்கள் மற்றொரு கட்சி. தையல் யந்திரத்தைப் பற்றியோ மாவரைக்கும் யந்திரத்தைப் பற்றியோ இந்த வழக்கு நடந்தால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. தைத்த துணியையும் அரைத்த மாவையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். சங்கீதம் கேட்கும் யந்திரத்தைப் பற்றி வழக்கு எழுந்தாலோ, தீர்ப்புச் சொல்ல வேண்டியது காது. அந்தக் காதோ கண்ணையும் பணப்பையையும் கலந்து ஆலோசிக்காமல் எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை!

இந்த வாரம் அத்தகைய வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்ள உத்தேசம். வீட்டில் உட்கார்ந்து உயர்ந்த தரத்தில் சங்கீதம் கேட்க விரும்பும் ரஸிகர்கள், 'டி.ஏ.ஸி.' என்ற ஒரு கருவியைப் பற்றி ஓயாமல் விவாதிக்கிறார்கள். எண்களாகப் பதிந்து வைத்திருக்கும் ஒலியை மறுபடியும் மின்சார அலையாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. ஸி.டி. தட்டு வைக்கும் பெட்டிக்குள்ளும் அது இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. தனிப் பெட்டியாகவும் விலைக்குக் கிடைக்கிறது. 1980-களில் செய்த பழைய டி.ஏ.ஸி.யில்தான் ஜீவன் இருக்கிறது என்பது ஒரு கட்சி. இன்றைய புதிய டி.ஏ.ஸி.யில்தான் சுத்தம் இருக்கிறது என்பது எதிர்க்கட்சி. முதல் கட்சியை நம்பி, நாற்பது வயதான ஒரு சிப்புக்காக ஒரு மாதச் சம்பளத்தை எடுத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. இரண்டாவது கட்சியை நம்பி, ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த பெட்டியைப் பழைய சாமான் கடையில் போட்டு விடுகிறவர்களும் உண்டு. குடும்பப் பணம் செலவாகிற விஷயமாதலால் இதைச் சற்று நிதானமாகவே ஆராய்வோம்.

புள்ளியும் கோலமும்

ஒலி என்பது காற்றிலே உண்டாகும் அலை. அந்த அலையின் உயரத்தை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைப்பதுதான் ஸி.டி. தட்டின் ரகசியம். ஒவ்வோர் எண்ணும் 65,536 படிகளில் ஏதேனும் ஒரு படியைக் குறிக்கும். இதையே '16 பிட்' என்று சொல்லுகிறார்கள்.

"அப்படியானால், ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் இருந்த சங்கீதம் என்ன ஆயிற்று? அது தொலைந்து போனதுதானே?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. விடியற்காலையில் கோலம் போடுகிறவர் முதலில் புள்ளிகளை வைக்கிறார். பிறகு அந்தப் புள்ளிகளைத் தழுவிக்கொண்டு கோடு வளைந்து வளைந்து செல்கிறது. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் ஆயிரம் விதமாகக் கோடு இழுக்கலாம் என்பது வாஸ்தவமே. ஆனால், 'கோடு இன்ன வேகத்துக்கு மேல் வளைந்து நெளியலாகாது' என்று ஒரு விதி செய்துவிட்டால், அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்துகிற கோலம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். ஒலி விஷயத்தில் அந்த விதி, 'விநாடிக்கு 22,050 அதிர்வுகளுக்குக் குறைந்த ஒலியை மட்டுமே பதிய வேண்டும்' என்பது. மனிதக் காது நல்ல வாலிபத்திலேயே 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்பதில்லை. ஆகவே நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. இந்த உண்மைக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் 1928-ல் ஹாரி நைக்விஸ்டும், 1933-ல் ருஷ்யாவில் கோடெல்னிகோவும் ஆவர். 1949-ல் கிளாட் ஷானன் அதைத் தெளிவாக நிரூபித்து வெளியிட்டார். ஒலியை எண்ணாக்கி அனுப்பலாம் என்ற யோசனை 1937-லேயே பாரிஸ் நகரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயருக்குத் தோன்றிவிட்டது.

ஆக, டி.ஏ.ஸி.க்கு உள்ள கடமைகள் இரண்டு. புள்ளிகளைச் சரியான உயரத்தில், சரியான நேரத்தில் வைக்க வேண்டும். பிறகு கோட்டை ஒழுங்காக வளைத்துக் கோலத்தை முடிக்க வேண்டும். டிஜிட்டல் ஒலி படிக்கட்டுப் போலத் துண்டு துண்டாக வருகிறது என்று சிலர் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அது பாதிக் கோலத்தைப் பார்த்துவிட்டு, கோணல் என்று சொல்வதை ஒக்கும். கோலம் முடிந்து வெளியே வரும்போது படிக்கட்டு இருப்பதில்லை.

எடைக்கல் முறை

1982-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி, ஜப்பானில் ஸோனி கம்பெனியார் முதன் முதலாக ஸி.டி. தட்டுப் போடும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனியார் 1983-ல் ஐரோப்பாவில் தங்கள் பெட்டியைப் பரப்பினார்கள். ஸி.டி.யைச் சேர்ந்து உருவாக்கியவர்கள் இவ்விரு கம்பெனியாருமே. ஆயினும், எண்ணை நாதமாக்கும் வழியில் இருவரும் ஆரம்பத்திலேயே வேறுபட்டார்கள்.

அந்தக் காலத்து டி.ஏ.ஸி. வேலை செய்யும் விதத்தை மளிகைக் கடைத் தராசைக் கொண்டு விளக்கலாம். கடைக்காரரிடம் 16 எடைக்கற்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கல் 1 கிராம், அடுத்தது 2, அதற்கடுத்தது 4, இப்படி இரட்டித்து இரட்டித்துக் கடைசிக் கல் 32,768 கிராம், அதாவது ஏறக்குறைய முப்பத்திரண்டே முக்கால் கிலோ. இந்த 16 கற்களைக் கொண்டு பூஜ்யத்திலிருந்து 65,535 கிராம் வரை எந்த எடையையும் நிறுத்து விடலாம். டி.ஏ.ஸி.க்குள் கல்லுக்குப் பதில் சிறு சிறு மின்சார ஓட்டங்கள் இருக்கின்றன, வித்தியாசம் அவ்வளவே.

சங்கடம் எங்கே வருகிறது தெரியுமா? பெரிய கல்லில் நூற்றுக்கு ஒரு பங்கு தவறு இருந்தாலும், அந்தத் தவறு மட்டுமே 328 கிராம் ஆகிவிடும். 1 கிராம் கல்லை வைத்து நுட்பமாக நிறுப்பதில் பிறகு என்ன அர்த்தம்? பெரிய கல்லில் உள்ள பிசகு லட்சத்தில் ஒன்றரைப் பங்குக்கு மேல் போகாமல் இருந்தால்தான் 16 பிட் என்ற பெயர் நிலைக்கும். அறையின் உஷ்ணம் ஏறினாலே மாறிவிடக்கூடிய உறுப்புகளைக் கொண்டு இந்த நேர்மையைச் சாதிப்பது எளிய காரியம் அன்று.

இன்னும் ஒரு விசித்திரம் உண்டு. ஒலி அலை மேலும் கீழுமாக ஊசலாடும்போது அடிக்கடி நடு நிலையைக் கடக்கிறது. அந்த நடு நிலை 32,767-க்கும் 32,768-க்கும் இடையே இருக்கிறது. ஒரே ஒரு கிராம் கூட்டுவதற்காக, சிறிய கற்கள் பதினைந்தையும் எடுத்துவிட்டுப் பெரிய கல்லை வைக்க வேண்டும்! உரத்த சங்கீதத்தில் இந்தத் தடுமாற்றம் மறைந்துவிடும். ஆனால் தம்புரா மட்டும் மெல்ல ஒலிக்கும்போதோ, வீணையின் மீட்டு அடங்கி ஓய்கிறபோதோ, அலை நடு நிலையைச் சுற்றியே வட்டமிடும். அப்போதுதான் தவறு துருத்திக்கொண்டு தெரியும். பழைய எடைக்கல் முறையின் பலவீனம், ரஸிகன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்கும் மெல்லிய இடத்திலேயே அமைந்தது என்பதை மறக்கக் கூடாது.

இதற்குப் பொறியியல் நிபுணர்கள் கண்ட பரிகாரங்கள் மிகவும் ரஸமானவை. பிலிப்ஸ் கம்பெனியாரிடம் முதலில் 14 பிட் கருவிதான் தயாராக இருந்தது. அவர்கள் மனம் தளரவில்லை. புள்ளிகளுக்கு இடையே கணக்குப் போட்டு மேலும் புள்ளிகளைச் சேர்த்து, விநாடிக்கு 44,100 என்பதை நான்கு மடங்காக, 1,76,400 ஆக்கினார்கள். அதனால் உண்டாகும் பிழையைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிட்டு, 14 பிட் கல்லாலேயே 16 பிட் நிறுவையைச் சாதித்தார்கள். ஸோனியின் முதல் பெட்டியில் 16 பிட் கருவி இருந்தது. ஆனால் அது ஒன்றே ஒன்று. இடக் காதுக்கும் வலக் காதுக்கும் மாறி மாறி வேலை செய்தது. இதனால் இரண்டு பக்கத்துக்கும் விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதம் ஏற்பட்டது. அந்த நேரத்தில் ஒலி காற்றில் நான்கு மில்லிமீட்டர் தூரங்கூடப் போகாது என்று கணக்குப் பார்த்தால், அதைக் குறித்து எழுந்த பரபரப்பு எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும்.

பிறகு வந்த பிலிப்ஸ் 'டி.டி.ஏ. 1541' என்ற 16 பிட் சிப்பைத்தான் பழமைக் கட்சியினர் இன்றும் கொண்டாடுகிறார்கள். கற்களை இடம் மாற்றி மாற்றிச் சுழற்றி, ஒன்றின் மிகுதியை மற்றொன்றின் குறைவால் சமன் செய்யும் ஒரு தந்திரம் அதில் இருந்தது. அந்தத் தந்திரத்தை வகுத்தவர் ரூடி வான் டெ பிளாஷெ என்ற டச்சு நிபுணர். அமெரிக்காவில் பர்-பிரௌன் கம்பெனியார் செய்த சிப்புகளும் அதே பரம்பரையில் புகழ் பெற்றவை.

தூசியை ஒதுக்கும் முறை

எடைக்கற்களைத் துல்லியமாகச் செய்வது பணச் செலவு பிடித்த காரியம். 'பதினாறு கல் எதற்கு? ஒரே ஒரு சிறு கல்லை மின்னல் வேகத்தில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்து, சராசரியில் வேண்டிய எடையை உண்டாக்கினால் என்ன?' என்று ஒரு யோசனை பிறந்தது. இதன் மூலத்தை 1962-ல் ஜப்பானைச் சேர்ந்த இனோஸே, யாசுடா முதலியோர் 'டெல்டா-சிக்மா' என்ற பெயரில் எழுதி வெளியிட்டிருந்தார்கள். 1980-களின் முடிவில் அது சங்கீதப் பெட்டிக்குள் புகுந்தது. பிலிப்ஸின் 'பிட்ஸ்ட்ரீம்' சிப், 44,100-ஐப் போல 256 மடங்கு, அதாவது விநாடிக்கு ஒரு கோடியே பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை, இந்தச் சிறு கல்லை வைத்து எடுத்தது.

கல் ஒன்றே ஆனதால், கல்லுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் என்ற பேச்சே எழவில்லை. மெல்லிய இடத்தில் உண்டான தடுமாற்றமும் தொலைந்தது. ஆனால் இம்முறையில் இரைச்சல் மிக அதிகமாகப் பிறக்கிறது. அந்த இரைச்சலை அழிக்க முடியாது. காதுக்குக் கேட்காத உயர்ந்த அதிர்வுகளின் பக்கம் ஒதுக்கித் தள்ளலாம். கூடத்தைப் பெருக்கித் தூசியை யாரும் நடமாடாத மூலையிலே சேர்ப்பது போல என்று சொல்லலாம். பெருக்குகிறவரின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது கூடத்தின் சுத்தம். ஆரம்ப காலத்து ஒற்றைக்கல் கருவிகள் சிலவற்றில் தூசி சரியாக ஒதுங்காமல், மெல்லிய ஊதல் ஒலியாகத் தலைகாட்டியதுண்டு. பழமைக் கட்சியினர் புதுமையின் மேல் கொண்ட கோபத்துக்கு அன்று நியாயமான காரணம் இருந்தது.

அந்தக் கோபம் இன்றும் செல்லுமா என்பதே கேள்வி. இப்போது வரும் சிப்புகள் ஒற்றைக் கல்லோடு நிற்பதில்லை; ஒரே அளவான பல சிறு கற்களை வைத்துக்கொண்டு, அவற்றை இடம் மாற்றிச் சுழற்றி, பிழைகளைச் சராசரியில் கரைத்து விடுகின்றன. இடம் மாற்றிச் சுழற்றுவது என்றதும் நேயர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். பழைய 1541-ன் யோசனைதான் அது! புள்ளிகளை மிகுவித்துப் பிழையை உயரே தள்ளுவதும் 1980-களின் ஆரம்பத்துப் பிலிப்ஸ் கருவியில் இருந்ததே. பழையது புதியது என்று நாம் வைக்கும் பெயர்கள் ஒரு குடும்பத்தின் பாட்டனுக்கும் பேரனுக்கும் உள்ள பெயர்களே.

அளவு கோலைக் கொண்டு பார்த்தால் பேரன் வெகு தூரம் முந்திவிட்டான் என்பதில் சந்தேகம் இல்லை. 16 பிட் முறையில் மிக உரத்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 98 டெஸிபெல். 2009-ல் வெளிவந்த இ.எஸ்.எஸ். கம்பெனியாரின் 'ஸேபர்' வரிசைச் சிப்புக்கு 130 டெஸிபெல்லுக்கு மேல் என்று செய்தவர்கள் கணக்குக் கொடுத்தார்கள். ஆனால் நிசப்தமான அறை என்று நாம் சொல்லும் அறையிலேயே 30 டெஸிபெல் இரைச்சல் இருக்கிறது. அதற்கு மேல் 98 டெஸிபெல்லைக் கூட்டினால் காது வலிக்கும் எல்லையைத் தொட்டு விடுவோம். பாட்டனின் இடைவெளியே நம் வீட்டுக் கூடத்துக்குப் பெரிது என்பது இதிலிருந்து ஏற்படுகிறது. பேரனின் சாமர்த்தியமோ விலை மலிவிலேதான் உண்மையில் பிரகாசிக்கிறது. 2018-ல் ஆப்பிள் கம்பெனியார் அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்ற விரல் நீள இணைப்புக் கம்பிக்குள் இருந்த டி.ஏ.ஸி.யை அளந்து பார்த்தவர்கள், ஸி.டி.யின் எல்லையை அது எட்டி விட்டதைக் கண்டார்கள்.

2020-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஜப்பானில் நோபியோகா என்னும் ஊரில் இருந்த ஏ.கே.எம். கம்பெனியாரின் சிப்புத் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்து பல நாட்கள் அணையாமல் இருந்தது. டி.ஏ.ஸி. சிப்புகளுக்குப் பெரிய பஞ்சம் ஏற்பட்டது. அந்தப் பஞ்சத்தின்போது சில கம்பெனிகள், தனித் தனி மின்தடைகளை ஏணி போல அடுக்கிப் பழைய எடைக்கல் முறையிலேயே புதிய பெட்டிகளைச் செய்யத் தலைப்பட்டன. ஆகவே, 'புதிய பெட்டி' என்றால் 'புதிய முறை' என்று எண்ணிவிடக் கூடாது.

இனிமையின் காரணம்

"அளவெல்லாம் இருக்கட்டும், எங்கள் பழைய கருவியில் ஓர் இனிமை இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்?" என்று பழமைக் கட்சியினர் கேட்பார்கள். சில கருவிகளில் அந்த இனிமை பொய்யன்று. அதற்குக் காரணமும் உண்டு.

1990-களின் பிற்பகுதியில் ஜப்பானில் குஸுனோகி என்பவர், புள்ளிகளை மிகுவிக்கும் கணக்கையே நீக்கிவிட்ட ஒரு டி.ஏ.ஸி.யைப் பற்றி எழுதினார். பழைய சிப்புகளை இந்த விதமாகப் பிரயோகிக்கும் வழக்கம் அதன் பின் உலகெங்கும் பரவிற்று. இத்தகைய கருவியில், 20,000 அதிர்வுள்ள உச்ச ஒலி ஏறக்குறைய 3 டெஸிபெல் குறைந்து வருகிறது. ஜால்ராவின் கூர்மையும் பாடகரின் 'ஸ', 'ஷ' முதலிய எழுத்துக்களின் சீறலும் சிறிது மழுங்கும். கேட்பதற்கு இதமாக இருக்கும். மிளகாயைச் சற்றுக் குறைத்த சாம்பார் சிலருக்கு இதமாக இருப்பதைப் போல. அந்த ருசியை விரும்புவது குற்றமன்று. ஆனால் மிளகாய் குறைந்த சாம்பாரே உண்மையான சாம்பார் என்று சாதிக்கக் கூடாது. அன்றியும், ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு 15,000 அதிர்வுகளுக்கு மேல் காது கேட்பதே அபூர்வம். இந்த வித்தியாசத்தைப் பற்றி மிக உரத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வயதினர் என்பதுதான் வேடிக்கை!

காதின் சாட்சி

இப்போது காதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். காதை ஏமாற்றுவதற்கு வித்தை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒலியைச் சிறிது கூட்டினால் போதும். இரண்டு கருவிகளில் ஒன்று அரை டெஸிபெல் உரத்து ஒலித்தால், 'இது உரத்திருக்கிறது' என்று காது சொல்லாது. 'இதில் தெளிவு அதிகம், ஜீவன் அதிகம்' என்றே சொல்லும். ஸி.டி. பெட்டிகள் பொதுவாக 2 வோல்ட் கொடுக்கின்றன. புதிய பெட்டிகள் பல அதற்கு மேல் கொடுக்கின்றன. கடையிலே மாற்றிப் போட்டுக் காட்டினால் புதியது ஜெயிப்பதற்கு இது ஒன்றே போதும்.

என் தெருவில் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு முந்திய ஸி.டி. பெட்டி ஒன்றைக் கண் போலப் போற்றி வருகிறார். அவருடைய மகன், முதல் சம்பளத்தில் உள்ளங்கை அளவு புதிய டி.ஏ.ஸி. ஒன்றை வாங்கி வந்தான். அன்றைக்குப் பிறந்தது விவகாரம். "இந்த டப்பியில் சாரீரம் இருக்கிறது, சாரம் இல்லை" என்றார் தகப்பனார். "அப்பா கேட்பது சங்கீதம் அல்ல, ஞாபகம்" என்றான் மகன். இது தகப்பனாரின் மனத்தில் தைத்துவிட்டது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து கச்சேரி கேட்பார்கள். அது நின்று போயிற்று. அது மட்டுமல்ல, தம் காதை நிரூபிப்பதற்காகவே பெரியவர், பழைய சிப் உள்ள வேறொரு கருவியை 45,000 ரூபாய்க்கு வாங்குவதாக யாருக்கோ வாக்குக் கொடுக்க இருந்தார். இது தெரிந்து அவருடைய மனைவியார் என்னிடம் வந்து, "வாத்தியார் ஸார், நீங்கள் பரீட்சை நடத்துகிறவர்தானே? இதற்கும் ஒரு பரீட்சை வைத்துவிடுங்கள்" என்றார்.

அவ்விதமே பரீட்சை நடந்தது. பழைய பெட்டியிலிருந்து எண்களை அப்படியே வெளியே எடுத்துச் செல்லவும் வழி இருந்தபடியால், ஒரே தட்டு, ஒரே நேரத்தில், பழைய டி.ஏ.ஸி. வழியாகவும் புதியதன் வழியாகவும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும்படி செய்தோம். முதலில் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். ஒரே ஸ்வரத்துக்குப் பழையது 1.9 வோல்ட், புதியது 2.3 வோல்ட். ஒன்றரை டெஸிபெல்லுக்கு மேல் வித்தியாசம்! புதியதன் ஒலியைக் குறைத்து இரண்டையும் சமமாக்கினேன். பிறகு கூடத்துக் கதவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டு, நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் பழையது, பூ விழுந்தால் புதியது என்று பத்துத் தடவை மாற்றினேன். மூவரும் பேசாமல், தனித் தனிக் காகிதத்தில் எழுத வேண்டும் என்பது நிபந்தனை.

பெரியவருக்குப் பத்தில் 5 சரி. மகனுக்கு 6. நாணயத்தைக் கேட்டிருந்தால் அதுவும் ஏறக்குறைய இதே விடையைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் விவாதத்தில் இதுவரையில் ஒரு வார்த்தையும் பேசாதிருந்த அந்த அம்மாளுக்குப் பத்தில் 9! வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தால் 9 அல்லது அதற்கு மேல் கிடைப்பது நூற்றில் ஒரு தடவைதான் சாத்தியம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டோம். "தம்புரா ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விநாடி, தூரத்தில் மோட்டார் ஓடுகிறாற் போல் ஒன்றில் சத்தம் வருகிறதே, உங்களுக்கெல்லாம் கேட்கவில்லையா?" என்றார். பழைய பெட்டியைத் திறந்து பார்த்ததில் மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாஸிட்டர் இரண்டு வற்றிப் போயிருந்தன. நானூறு ரூபாய்ச் செலவில் ரேடியோ ரிப்பேர்க்காரர் அவற்றை மாற்றிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பரீட்சை. அந்த அம்மாளுக்கும் பத்தில் 6 தான். "இப்போது இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன" என்று அவரே தீர்ப்புச் சொன்னார். 45,000 ரூபாய் வீட்டிலேயே தங்கிற்று. தகப்பனும் பிள்ளையும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தார்கள்.

மூன்று பேரை வைத்து நடத்திய பரீட்சையை உலக நியதி ஆக்கிவிட முடியாது. பெரிய அளவில் நடந்தவையும் உண்டு. 2007-ல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர், ஸி.டி.யைக் காட்டிலும் உயர்ந்த தரத்தில் பதிந்த சங்கீதத்தை 16 பிட் எண்களாக்கித் திரும்பவும் ஒலியாக்கி, வித்தியாசம் தெரிகிறதா என்று 554 தடவை சோதித்து வெளியிட்டார்கள். சரியான விடை நூற்றுக்கு ஐம்பதை ஒட்டியே நின்றது. 2016-ல் லண்டனில் ஜோஷுவா ரைஸ் என்பவர், இவ்விதமான 18 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து, 12,000-க்கு மேற்பட்ட சோதனைகளைக் கணக்கிட்டதில், நூற்றுக்கு 52-க்குச் சற்று மேல் வந்தது. காதுப் பயிற்சி பெற்றவர்களுக்கு அது மேலும் உயர்ந்தது. வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்வதற்கும் இடமில்லை. ஆகாசத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம் என்று வர்ணிப்பதற்கும் இடமில்லை என்பதே இதன் சாரம்.

தீர்ப்பு

வீட்டில் பழைய பெட்டி இருந்து அது ஒழுங்காகப் பாடுமானால் அதைத் தள்ள வேண்டாம். கெப்பாஸிட்டர் வற்றுவதும், தட்டைப் படிக்கும் லென்ஸ் மங்குவதும் வயோதிகத்தின் இயற்கை. அவற்றைப் பழுது பார்ப்பதற்குப் பணம் கொடுங்கள். பழைய சிப்பின் பெயருக்காக மட்டும் பெருந்தொகை கொடுப்பதாயிருந்தால் ஒரு முறைக்கு இருமுறை யோசியுங்கள். புகழ் பெற்ற பழைய சிப்புகளுக்குப் போலிகள் சந்தையில் உலாவுகின்றன. அசல் கெட்டுப் போனாலும் மாற்றுவதற்குப் புதிது செய்வாரில்லை. பழம் பொருளின் மேல் பிரியம் கொண்டு வாங்குகிறேன் என்றால் அது வேறு விஷயம். பழைய வெண்கலப் பாத்திரத்தையும் அப்படித்தான் வாங்குகிறோம்.

புதிதாக வாங்குகிறவர்கள் சாதாரண விலையுள்ள நல்ல கருவியோடு திருப்தி அடையலாம். அதைப் போல் பத்து மடங்கு விலையுள்ளது பத்து மடங்கு சங்கீதத்தைக் கொடுப்பதில்லை. நல்ல டி.ஏ.ஸி.யின் பிசகு லட்சத்தில் ஓரிரு பங்கு. நல்ல ஸ்பீக்கரின் பிசகோ நூற்றில் கால் பங்கு, அரைப் பங்கு. ஓட்டை எங்கே பெரிதோ அங்கே அல்லவா சுண்ணாம்பு பூச வேண்டும்? ஆகையால் மிஞ்சிய பணத்தை ஸ்பீக்கருக்கும், எதிரொலிக்கும் அறைக்குத் திரை போடுவதற்கும், நல்ல ஒலிப்பதிவுகளை வாங்குவதற்கும் செலவிடுவதே புத்திசாலித்தனம். 78 சுழற்சி இசைத்தட்டிலிருந்து எடுத்த பழைய பாட்டுக்களை விரும்புகிறவர்கள், எவ்வளவு உயர்ந்த டி.ஏ.ஸி. போட்டாலும் மூலத் தட்டில் பதியாத ஸ்வரம் அதிலிருந்து வராது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். அந்தத் தட்டைச் சுத்தம் செய்து, நல்ல ஊசி போட்டு, பொறுமையோடு பிரதி எடுத்தவரின் கையில்தான் அதன் இனிமை இருக்கிறது.

யாராவது உங்களுக்கு ஒரு கருவியை உயர்த்திப் பேசி விற்க வந்தால் சண்டை போட வேண்டாம். இரண்டின் ஒலியையும் சமமாக்கச் சொல்லுங்கள். ஒரு நாணயமும் பத்துத் துண்டுக் காகிதமும் கேளுங்கள். அதற்கு இணங்குகிறவரிடம் தாராளமாக வாங்கலாம். ஸ்பீக்கரை அறையில் எந்த இடத்தில் வைத்தால் காசு செலவில்லாமல் ஒலி திருந்தும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.